ஏரிக்கரையில் ஈயம் கூடாது என்று நீ சொன்ன அன்று

கண்ணு,

உனக்கு நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீ எங்களை விட்டுப் போனதும் இல்லை. இப்போதும் மூன்று மாத வனத்துறைப் பயிற்சிக்குத்தான் மலைக்குப் போயிருக்கிறாய். போன் போட்டால் சிக்னல் கிடைக்கிற நேரத்தில் எடுத்துவிடுவாய். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நடுவிலேயே "சரிங்ப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். நீ சொல்கிற அந்த "விடுங்க"வை இத்தனை வருஷமாக நான் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் நாலாக மடித்து எங்கேயாவது ஒளித்து வைத்து என்னைக் காப்பாற்றிவிடுவாய் என்றும் தெரியும். உன் மேல் பழியைப் போட்டபோது நான் ஊர் கேட்கத்தான் போட்டேன். எடுக்கும்போதும் ஊர் படிக்கத்தான் எடுக்க வேண்டும், அதனால் இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி சத்யா இப்படி ஆனதற்கு நீ காரணம் இல்லை. உன் சைக்கிள் காரணம் இல்லை. நான்தான் காரணம். இது எனக்கு இன்றைக்கு நேற்றுத் தெரிந்ததும் இல்லை.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். சத்யாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. தலை பின்னிக்கொள்வாள், கோழிக்குத் தண்ணீர் வைப்பாள், டிவியில் பாட்டு வந்தால் கூடவே பாடுவாள். ஆனால் கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தோம் என்பது மறந்து திரும்பி வருவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு படிப்பு நின்றுவிட்டது. மாதத்தில் ஒரு தடவையாவது வலிப்பு வரும். அவளுக்கு ஆறு வயதும் உனக்குப் பதினொரு வயதும் இருந்தபோது, நீ அவளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஏரிக்கரை இறக்கத்தில் ஓட்டி வந்தாய். திரும்புகிற இடத்தில் அவள் பின்னால் விழுந்தாள். நெற்றியில் சிராய்ப்பு. உடனே எழுந்து அழுதவள், அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விட்டாள். அடுத்த மாதம் முதல் தடவையாக வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் இருபது பேர் நிற்கும்போது நான் உன் சட்டையைப் பிடித்து, "நல்லா இருந்த புள்ளையக் கீழ போட்டுக் கெடுத்துப்போட்டயேடா" என்று கத்தினேன். நீ அழவில்லை. அதற்கப்புறம் சைக்கிளையும் தொடவில்லை. உனக்கு வந்த ஒவ்வொரு நல்லதையும் அவளுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாய். வெளியூர்க் கல்லூரியை விட்டாய். கோயம்புத்தூர் வேலையை விட்டாய். நம் ஏரியைப் பறவைகளுக்கான பாதுகாப்பிடம் ஆக்கி, காவலுக்கு உள்ளூர் ஆள் எடுத்தபோது, வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாய்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் பேட்டரி பார்க்கிற கடையில் முப்பது வருஷம் வேலை செய்தேன். செத்த பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத் தகட்டைப் பிரித்தெடுப்பது என் வேலை. நாங்கள் பயந்ததெல்லாம் ஆசிட்டுக்குத்தான். அது பட்டால் தோல் வெந்துபோகும், துணி ஓட்டையாகும், கண்ணில் தெரியும். தகட்டில் இருக்கிற சாம்பல் நிறப் பொடியை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. தலையெல்லாம் அந்தப் பொடியோடு பொழுது சாய வீட்டுக்கு வருவேன். வாசலில் டிவிஎஸ் சத்தம் கேட்டதும் சத்யா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சட்டையில் தேய்ப்பாள். உங்கம்மா, "ஏனுங்க, குளிச்சுப்போட்டுத் தூக்குனா ஆகாதுங்களா" என்பாள். அழுக்கு ஒட்டுமே என்ற கவலை அவளுக்கு. நான் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொள்வேன். நாள் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்ததே அதற்குத்தான்.

மீன் பிடிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலும் வீச்சுவலையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவேன். தூண்டில் நரம்புக்கும் வலையின் அடிக்கயிற்றுக்கும் பாரம் வேண்டும். கடையில் விற்கிற குண்டை வாங்குவானேன் என்று, கழித்த தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மதியச் சோற்றுத் தூக்குப்போசியில் போட்டு எடுத்து வந்துவிடுவேன். முதலாளிக்குத் தெரியாது. நம் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த விறகடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து உருக்கி, ஈரக் களிமண்ணில் விரலால் குழி போட்டு ஊற்றி, ஆறினதும் கத்தியால் ஒரு பிளவு போட்டால் குண்டு தயார். நரம்பை அந்தப் பிளவுக்குள் விட்டு இறுக்க வேண்டும். குறட்டால் இறுக்கினால் நரம்பு அறுந்துபோகும். பல்லால் கடித்தால் பதமாக இருக்கும். ஏரிக்கரையில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். உன்னையும் ஒரு தடவை கடிக்கச் சொன்னேன். நீ நாக்கில் வைத்ததும், "இனிச்சுக்கிட்டுக் கெடக்குது, ஒரு மாதிரி இருக்குதுங்ப்பா" என்று துப்பிவிட்டாய். சத்யா துப்பவில்லை. அந்த இனிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று வயதிலிருந்து அவள்தான் எனக்குக் கடித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை அடுப்புப் பக்கத்தில் அந்தப் புகையில் உட்கார்ந்து, ஒரு கை நிறையக் குண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டு இறுக்கி எடுத்து மடியில் வைப்பாள். நரம்பு அறாமல், வழுக்காமல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். ஏரியில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், "என்ற புள்ள பல்லுப் பட்ட தூண்டில்டா இது, கெளுத்தி தானா வந்து ஏறும்" என்று. என் பெருமைக்கு நெருப்பைத்தான் வைக்க வேண்டும். எத்தனை சனிக்கிழமை என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். 

தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தோடு நிறுத்தினால் ஊர் என்னைப் பாவம் என்று சொல்லும். அப்படி நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு ஏழு வயதில் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், உனக்கு நினைவிருக்காது, நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். சின்ன வயது டாக்டரம்மா. வயிற்றுவலி உண்டா, மலச்சிக்கல் உண்டா, மண் தின்பாளா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், "ஊட்டுல யாராச்சும் பேட்டரி வேலை, ஈயம் உருக்குற வேலை செய்யறீங்களா" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. ஈயம் உருக்குகிறேன் என்றால் எங்கே கிடைத்தது என்ற கேள்வி வரும், அது முதலாளி காதுக்குப் போகும், முப்பது பேர் முன்னால் திருடன் என்று நிற்க வேண்டும் என்று பயந்தேன். உங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறுவாரம் வரச் சொன்னார். சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஈயம் உருக்குவதை நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தியது அந்த டாக்டரிடம் போவதை. கீழே விழுந்ததில் வந்தது, தலைக்குள் அடி, அவ்வளவுதான் என்று வீட்டில் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் ஆகிவிட்டது. பழியைச் சுமக்க நீ இருந்தாய். பதினொரு வயதுப் பையன் எதிர்த்துப் பேசவா போகிறான்.

அவள் பள்ளிக்கூடத்தில் பின்தங்கினபோது நான் அவளை அடித்திருக்கிறேன். வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை என்று விளாரால் அடித்தேன். கையை நீட்டு என்றால் நீட்டுவாள், இன்னொரு கையையும் அவளே நீட்டுவாள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன கார்த்திகையில் ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் முன்னால் நீ கூட்டம் போட்டாய். நான் பெஞ்சில் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். மகன் அதிகாரியாகப் பேசுவதைப் பார்க்கிற திமிர் எனக்கு. சாக்கை விரித்து ஒரு புள்ளிமூக்கு வாத்தைக் கீழே வைத்தாய். உயிர் இருந்தது, கழுத்து நிற்கவில்லை. றெக்கை இரண்டும் தொங்கிப்போய்க் கிடந்தது. நீ பணிவாகத்தான் பேசினாய். "ஏனுங்க, மீன் புடிக்க வேண்டாம்னு சொல்லலீங்க. தெக்குக் கரையில எப்பவும் போல புடிச்சுக்கலாமுங்க. ஈயக் குண்டு மட்டும் வேண்டாம். இரும்பு போட்டுக்கங்க, கல்லு கட்டிக்கங்க. இந்த வாத்துக தீனி செரிக்கறதுக்குச் சின்னச் சின்னக் கல்லா பொறுக்கித் தின்னுமுங்க. நம்ம அறுத்துப் போட்ட குண்டையும் கல்லுன்னு நெனச்சுத் தின்னுபோடுது. வயித்துக்குள்ள அது கரைஞ்சு ரத்தத்துல போயிருது" என்றாய். அப்புறம் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து ஈயம் என்னென்ன செய்யும் என்று படித்தாய். வயிறு வலிக்கும். பிடிமானம் போகும். மணிக்கட்டு தொங்கும். வலிப்பு வரும். "மனுசனுக்கும் இதேதானுங்க, கொழந்தைகன்னா மூளையே வளராதுங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தாய்.

நீ படித்த ஒவ்வொன்றும் நம் வீட்டில் இருக்கிறது, கண்ணு. நீ படித்துக்கொண்டே போனாய், உனக்கு எதுவும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? உன் தங்கச்சிக்கு என்ன ஆனது என்பதுதான் உனக்கு ஏற்கெனவே தெரியுமே, நான் சொல்லிக் கொடுத்துவிட்டேனே.  எழுந்து போயிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் எழுந்து நின்று, "முப்பது வருசம் ஈயத்துலயே கெடந்தவன் நான், குத்துக்கல்லாட்டம் நிக்கறேன் பாரு. வாத்துக்கு வயித்துவலி வந்தா எங்க வலையக் கழட்டச் சொல்லுவயா? காக்கிச் சட்டையப் போட்டதும் அப்பனுக்கே புத்தி சொல்ல வந்துட்டான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு முகம் செத்துப்போனது. "சரிங்ப்பா, விடுங்க" என்று வாத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். நான் கொடுத்த தைரியத்தில் ஊரில் ஒருத்தனும் குண்டைக் கழட்டவில்லை.

அதற்கப்புறமும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தை மாதம் உனக்குப் பெண் கொடுக்க இளம்பிள்ளை ஊரிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்களே, அதுதான் என்னை உடைத்தது. பெண்ணின் அம்மா சத்யாவைப் பார்த்துவிட்டு, "பாப்பா பொறவியிலயே இப்படிங்களா" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முன்னால் வந்து, "இல்லீங்க, நாந்தான் சைக்கிள்ல வெச்சுக் கீழ போட்டுட்டனுங்க. கடைசி வரைக்கும் நாந்தான் அவளப் பாக்கோணும். அதுக்கு ஒத்துக்கறதுன்னா மேக்கொண்டு பேசலாமுங்க" என்றாய். கையைக் கட்டிக்கொண்டு, தப்புச் செய்தவன் பஞ்சாயத்தில் நிற்கிற மாதிரி நின்றாய். அவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். நீ வெளியே போய் அவர்கள் வண்டிக்குக் கேட்டைத் திறந்துவிட்டாய். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. அன்றைக்கு உன் முதுகைப் பார்த்தபோது எனக்கு என் மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

நீ மலைக்குப் போன மறுவாரம் நான் சத்யாவைக் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். அந்த டாக்டரம்மா இப்போது அங்கே இல்லை. வேறொரு டாக்டர், வயதானவர். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், தகடு, சட்டி, பல், எடுத்து வந்தது, பொய் சொன்னது எல்லாம். அவர் திட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்து ரத்தத்தில் பார்த்து இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மயக்கமும் இல்லாமல் வாந்தியும் இல்லாமல் நெற்றியில் ஒரு சிராய்ப்போடு எழுந்து விளையாடப் போன குழந்தைக்கு, அந்த அடியால் இப்படி ஆகியிருக்கும் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். நின்றுபோன மூளை வளர்ச்சி இனித் திரும்பாது என்றார். வலிப்புக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கடைசியாக ஒன்று கேட்டார்: "விழுறதுக்கு முன்னாடி அவ கை எப்படி இருந்துச்சு?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சங்ககிரி தாண்டும்போது நினைவு வந்தது. விழுவதற்கு முந்தின மாதமெல்லாம் அவள் பால் டம்ளரைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள். சட்டைப் பித்தான் போட முடியவில்லை. "கை என்ன வாழைத்தண்டா" என்று உங்கம்மா திட்டிக்கொண்டிருந்தாள். விழுந்த அன்று நீ என்னிடம் என்ன சொன்னாய் தெரியுமா? நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "கெட்டியாப் புடிச்சுக்கோன்னு சொன்னனுங்ப்பா, புடிச்சுக்கறேன்னு தான் சொன்னா, அவ கை நிக்கலீங்" என்றாய். பொய் பேசுகிறாயா என்று கன்னத்தில் அறைந்தேன். நீ அன்றைக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கையில் பிடிமானம் இல்லாமல் செய்தவன், அவள் விழுந்ததற்கு உன்னை அறைந்தான்.

உங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவைதான் பேசினாள், "மொதல்ல அவனுக்குச் சொல்லுங்க, அப்புறம் என்ற மூஞ்சியில முழிங்க" என்று. அவளுக்கும் ஒரு குத்தல் இருக்கும், அன்றைக்கு டாக்டர் முன்னால் என்னைப் பார்த்தாளே. அந்தக் கையை அமுக்கினவன் நான், அவளை ஒன்றும் கேட்டுவிடாதே.

என் சட்டியையும் மிச்சமிருந்த ஈயத்தையும் உங்கள் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நான் குண்டு ஊற்றிக் கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போய்த் திருப்பிக் கேட்கிறேன். அதில் ஒரு வீட்டில் செல்லமுத்து வலையைத் தூக்கிக் காட்டி, "ஏனுங் மாமா, அன்னைக்குக் கூட்டத்துல குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்னு சொன்னது நீங்கதானுங்களே" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்போது அவன் பேத்தி வாசலில் உட்கார்ந்து நரம்பில் குண்டைக் கோத்துப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சத்யா கதையைச் சொன்னேன். முழுதும் சொல்லி முடிக்கும் முன்னால் அவன் மருமகள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கழுவினாள். சாயங்காலம் செல்லமுத்துவே குண்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு லாரி நட்டைக் கோத்துக்கொண்டிருந்தான். வலை கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான். மீன் விழத்தான் செய்கிறது. இதைச் செய்ய எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அப்பன் என்பதால் இரண்டு சொல்லிவிடுகிறேன். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல், மானம் போனாலும் சொல். நாளைக்கு உனக்கொரு குழந்தை பிறந்து, வேலை விட்டு வரும்போது ஓடி வந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் குளித்துவிட்டு வந்து தூக்கு. இளம்பிள்ளைப் பெண் வீட்டுக்கு நானே போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பெண்ணோ வேறு பெண்ணோ, யார் வந்தாலும் இனிமேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. சத்யாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் அண்ணனாகப் பார்த்துக்கொள். குற்றவாளியாகப் பார்த்துக்கொள்ளாதே. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய், அதனால்தான் கேட்கவில்லை.

இன்னும் ஒருத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று மத்தியானம் சத்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்னதாகச் சொன்னேன். சாமி, உனக்கு உடம்பு கெட்டது அப்பா செஞ்ச வேலையால, அண்ணன் உன்னக் கீழ போட்டதால இல்ல, அண்ணன் ஒரு தப்பும் பண்ணல என்றேன். என் மேல் கோபப்படுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. 

"எனக்கு வலிப்பு வந்து நான் கண்ணு முழிக்கறப்பவெல்லாம் அண்ணன் அழுதுக்கிட்டே இருக்குமுங்க. இனிமே அண்ணன் அழுவாதுங்களாப்பா?"

 அதை நீயே வந்து அவளுக்குச் சொல், கண்ணு.

அப்பா